நான்கில் மூன்று தெரிந்தால்

மாலையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் ஏழாம் வகுப்புச் சிறுமியிடம் ஒருநாள் இப்படிக் கேட்டேன். "நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து போட வேண்டும். நாளைக்கு வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். அம்மா ஆறு டம்ளர் அரிசி ஊற வைக்கிறார். உளுந்து எவ்வளவு ஊற வைக்க வேண்டும்?"

"மூன்று டம்ளர்" என்றாள், கொஞ்சமும் தயங்காமல்.

"எப்படி?"

"அரிசி நான்கிலிருந்து ஆறு ஆகிவிட்டது. இரண்டு கூடியிருக்கிறது. அதனால் உளுந்தையும் இரண்டு கூட்டினேன், அக்கா."

இந்தப் பதிலைப் பல பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். சோம்பலால் வரும் பதில் இல்லை இது. அவள் யோசித்துத்தான் சொன்னாள். ஒன்று கூடினால் மற்றதும் கூட வேண்டும் என்பதைச் சரியாகப் பிடித்திருக்கிறாள். எப்படிக் கூட வேண்டும் என்பதில்தான் வழி தவறியிருக்கிறது. விகிதசமக் கணக்கின் உயிர் அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அதனால் சூத்திரத்துக்குப் போகும் முன் அங்கேயே சற்று நேரம் நிற்போம்.

அவளிடம் தவறு என்று சொல்லவில்லை. வேறொரு கேள்வி கேட்டேன். "அம்மா நான்கு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து போட்டு ஒரு பாத்திரத்தில் மாவு அரைத்து வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அத்தையும் அதே அளவில் இன்னொரு பாத்திரத்தில் அரைத்து வைத்திருக்கிறார். இரண்டையும் ஒரே அண்டாவில் ஊற்றிவிட்டால் மொத்தம் அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு?"

"அரிசி எட்டு, உளுந்து இரண்டு."

"உன் வழியில் பார்த்தால் எட்டு டம்ளர் அரிசிக்கு உளுந்து எவ்வளவு?"

விரல் விட்டு எண்ணினாள். நான்கு கூடியிருக்கிறது, ஒன்றோடு நான்கு, ஐந்து. அண்டாவில் இருப்பதோ இரண்டு. நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தானாகவே, "அப்படியென்றால் ஆறு டம்ளருக்கு ஒன்றரை" என்றாள். நான்குக்கு ஒன்று, எட்டுக்கு இரண்டு, ஆறு நடுவில் இருக்கிறது, ஆகவே ஒன்றரை. சூத்திரம் எதுவும் இல்லாமலே விடைக்கு வந்துவிட்டாள்.

அவளுடைய முதல் வழியை இன்னும் நீட்டினால் கோளாறு பளிச்சென்று தெரியும். கல்யாண வீட்டில் நூறு டம்ளர் அரிசி போட்டால் உளுந்து தொண்ணூற்றேழு டம்ளர் என்று வரும். அதை இட்லி மாவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான்கு டம்ளரிலும் நூறு டம்ளரிலும் மாவு ஒரே மாவாக இருக்க வேண்டுமானால், அரிசிக்கும் உளுந்துக்கும் உள்ள வித்தியாசம் மாறாமல் இருந்து பயனில்லை. மடங்குதான் மாறாமல் இருக்க வேண்டும். உளுந்தைப் போல் நான்கு மடங்கு அரிசி. எந்த அளவில் அரைத்தாலும் இதுதான்.

இரண்டு அளவுகளை இப்படி மடங்காக ஒப்பிடுவதற்கு விகிதம் என்று பெயர். நான்குக்கு ஒன்று என்பதை 4 : 1 என்று எழுதுகிறோம். இரண்டு விகிதங்கள் சமமாக இருந்தால் அது விகிதசமம். 4 : 1 = 8 : 2 என்பது ஒரு விகிதசமம். அதில் நான்கு இடங்கள் இருக்கின்றன. மூன்று இடங்களில் எண் தெரிந்து ஓர் இடம் காலியாக இருந்தால், அந்த இடத்தில் எந்த எண் உட்கார வேண்டும் என்பதை மற்ற மூன்றும் சேர்ந்து முடிவு செய்துவிடுகின்றன. காலி இடத்துக்குப் பாடப்புத்தகங்களில் ஆங்கில எழுத்தான எக்ஸைப் போடுவார்கள். இங்கே மறைந்திருக்கும் எண் என்பதற்காக 'ம' என்று வைத்துக்கொள்வோம். எழுத்து எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

மூன்றைக் கொண்டு நான்காவதைக் கண்டுபிடிக்கும் இந்த முறை மிகப் பழையது. 499-ஆம் ஆண்டில் ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயத்தில் இதற்குத் திரைராசிகம் என்று பெயர். மூன்று எண்களைக் கொண்ட கணக்கு என்பது அதன் பொருள். தெரிந்த அளவைப் பிரமாணம் என்றும், அதற்குக் கிடைக்கும் பயனைப் பலம் என்றும், நாம் விரும்பும் அளவை இச்சை என்றும் அழைத்தார்கள். பலத்தை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகுத்தால் விடை. நம் மாவுக் கணக்கில் பிரமாணம் நான்கு டம்ளர் அரிசி, பலம் ஒரு டம்ளர் உளுந்து, இச்சை ஆறு டம்ளர் அரிசி. ஒன்றை ஆறால் பெருக்கி நான்கால் வகுத்தால் ஒன்றரை. 1150-இல் லீலாவதியை எழுதிய இரண்டாம் பாஸ்கரர், உலகமெல்லாம் திருமால் நிறைந்திருப்பதைப் போலக் கணக்கெல்லாம் திரைராசிகம் நிறைந்திருக்கிறது என்றே சொல்லிவிட்டார். இந்த ஒரு முறையை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு அது மிகைப்பேச்சாகத் தோன்றாது.

இன்றைய பள்ளிகளில் இதற்கு இரண்டு வழிகள் கற்றுத் தருகிறார்கள். முதலாவது ஓரலகு முறை. மூன்று மீட்டர் துணி 420 ரூபாய் என்றால் ஐந்து மீட்டர் எவ்வளவு? முதலில் ஒரு மீட்டருக்கு விலை பார்க்கிறோம்: 420-ஐ 3-ஆல் வகுத்தால் 140. பிறகு ஐந்தால் பெருக்கினால் 700 ரூபாய். கடைத்தெருவில் எல்லோரும் மனத்துக்குள் செய்வது இதுதான். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் எண்ணம். ஒவ்வொரு படியிலும் வரும் எண்ணுக்கு ஒரு பொருள் இருக்கிறது. 140 என்பது ஒரு மீட்டரின் விலை. அதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது குறுக்குப் பெருக்கல். அதே துணியை இப்படி எழுதுகிறோம்:

3 / 420 = 5 / ம

இடப்பக்கத்து மேல் எண்ணையும் வலப்பக்கத்துக் கீழ் எண்ணையும் பெருக்கு. மற்ற இரண்டையும் பெருக்கு. இரண்டும் சமம் என்று வை.

3 × ம = 5 × 420
3 × ம = 2100
ம = 700

விடை வந்துவிட்டது. ஆனால் ஏன் குறுக்காகப் பெருக்க வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகளிடம் பதில் இருப்பதில்லை. பெருக்கல் குறி போலக் கோடு போடச் சொன்னார்கள், போட்டோம் என்பார்கள். காரணம் எளிமையானது, இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

தராசை நினைத்துக்கொள்ளுங்கள். சமக்குறி தராசின் முள். இரண்டு தட்டிலும் ஒன்றையே செய்தால் முள் அசையாது. 3 / 420 = 5 / ம என்பதில் கீழே இருக்கும் எண்கள்தான் தொல்லை. முதலில் இரு பக்கத்தையும் 420-ஆல் பெருக்குவோம். இடப்பக்கம் 420-ஆல் வகுத்ததும் பெருக்கியதும் போய் வெறும் 3 நிற்கும். வலப்பக்கம் 5 × 420 / ம என்று ஆகும். அடுத்து இரு பக்கத்தையும் ம-ஆல் பெருக்குவோம். இப்போது வலப்பக்கத்துக் கீழ் எண்ணும் போய்விடும். மிஞ்சுவது 3 × ம = 5 × 420. குறுக்குப் பெருக்கல் என்பது இந்த இரண்டு படிகளை ஒரே தாண்டலில் தாண்டுவது. வேறு மந்திரம் எதுவும் அதில் இல்லை.

ஓரலகு முறை அவ்வளவு நல்லது என்றால் இது எதற்கு? ஏழு மீட்டர் துணி 500 ரூபாய், பத்தரை மீட்டர் எவ்வளவு என்று வைத்துப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு விலை கண்டால் 71.428571… என்று போய்க்கொண்டே இருக்கும். 71.43 என்று முழுமையாக்கிப் பத்தரையால் பெருக்கினால் 750.015 வருகிறது. குறுக்குப் பெருக்கலில் முதலில் 500-ஐ 10.5-ஆல் பெருக்கி 5250, பிறகு 7-ஆல் வகுத்து 750. சுத்தமான விடை. பெருக்கலை முதலில் வைத்து வகுத்தலைக் கடைசியில் வைத்த ஆரியபட்டரின் வரிசையும் இதுவேதான்.

பிழைகள் பெரும்பாலும் பெருக்கலில் நேர்வதில்லை. எண்களை இடம் மாற்றி வைப்பதில்தான் நேர்கின்றன. அதனால் எண்ணை எழுதும் முன் பெயரை எழுதச் சொல்கிறேன்.

அரிசி: 4, 6
உளுந்து: 1, ம

அரிசி வரிசையில் அரிசி மட்டும், உளுந்து வரிசையில் உளுந்து மட்டும். ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும் இரண்டும் ஒரே பாத்திரத்து மாவு. இப்படி வைத்துவிட்டால் 4 / 1 = 6 / ம என்று எழுதினாலும் சரி, 4 / 6 = 1 / ம என்று எழுதினாலும் சரி, விடை ஒன்றரைதான். 4 / 1 = ம / 6 என்று எழுதினால்தான் ஆபத்து. ம = 24 என்று வரும். அதாவது ஆறு டம்ளர் அரிசிக்கு இருபத்து நான்கு டம்ளர் உளுந்து! விடையைக் கண்டதும் பேனாவை மூடிவிடாமல், இந்த எண் நடக்கக்கூடியதா என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தப் பிழை அந்த இடத்திலேயே பிடிபடும்.

வரிசைக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது அலகு. இந்திய நிலஅளவைத் துறையின் வரைபடத் தாள்களில் 1 : 50,000 என்ற அளவைப் பார்க்கலாம். தாளில் ஒரு செ.மீ. என்றால் தரையில் 50,000 செ.மீ. என்று பொருள். தாளில் இரண்டு ஊர்களுக்கு இடையே 7 செ.மீ. இருந்தால் 1 / 50,000 = 7 / ம, ம = 3,50,000. இங்கே பலர் 3,50,000 கிலோமீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். பூமியிலிருந்து சந்திரன் இருக்கும் தூரத்துக்கு ஏறக்குறைய வந்துவிட்டது அந்த விடை! இரண்டு பக்கமும் செ.மீ. என்பதால் விடையும் செ.மீ. தான். ஒரு கிலோமீட்டருக்கு 1,00,000 செ.மீ., ஆகவே மூன்றரைக் கிலோமீட்டர்.

நகைக்கடையிலும் இதே கணக்கு நடக்கிறது. சுத்தத் தங்கம் 24 காரட். 22 காரட் நகை என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள். எட்டுக் கிராம் எடையுள்ள ஒரு பவுன் நகையில் தங்கம் மட்டும் எவ்வளவு? 22 / 24 = ம / 8. குறுக்காகப் பெருக்கினால் 24 × ம = 176, ம = 7.33 கிராம். அதே விகிதத்தை ஆயிரம் பங்குக்குப் பார்த்தால், 22 / 24 = ம / 1000, ம = 916.67. நகையின் உட்புறத்தில் பொடி எழுத்தில் பொறித்திருக்கும் 916 இங்கிருந்துதான் வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த விகிதசமம் வெயிலில் கிடைப்பது. உயரமான ஒரு பனைமரம் இருக்கிறது, ஏறி அளக்க முடியாது. ஒரு மீட்டர் குச்சியை நிலத்தில் நேராக நட்டு அதன் நிழலை அளக்கிறோம்: 80 செ.மீ. அதே நேரத்தில் மரத்தின் நிழல் 9.6 மீட்டர். வெயில் இரண்டின் மீதும் ஒரே சாய்வில் விழுவதால் உயரத்துக்கும் நிழலுக்கும் உள்ள மடங்கு இரண்டுக்கும் ஒன்றே.

உயரம்: 1, ம
நிழல்: 0.8, 9.6

0.8 × ம = 9.6, ம = 12 மீட்டர். கிரேக்க அறிஞர் தேலீசு எகிப்தின் பிரமிடை இப்படித்தான் நிழலைக் கொண்டு அளந்தார் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. நீங்களும் செய்து பார்க்கலாம். தரை சமமாக இருக்க வேண்டும், குச்சி செங்குத்தாக நிற்க வேண்டும், இரண்டு நிழல்களையும் அடுத்தடுத்து உடனே அளந்துவிட வேண்டும். தென்னையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது பெரும்பாலும் சாய்ந்து வளரும். பனை நேராக நிற்கும்.

மடங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைவிட வலுவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றிய குழந்தைக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் அது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு மொத்தம் 20.5 கிராம் பொடி. லிட்டர் பொட்டலம் முழுவதையும் 200 மி.லி. டம்ளரில் கொட்டிக் கலக்கினால் கரைசல் ஐந்து மடங்கு கெட்டியாகிவிடும். மருந்து அதிகம், நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அளவுக்கு மீறிய உப்பும் சர்க்கரையும் குழந்தையின் உடலில் மிஞ்சியிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். 200 மி.லி.க்கு எவ்வளவு பொடி என்று கணக்குப் போட்டால் 20.5 / 1000 = ம / 200, ம = 4.1 கிராம். கணக்கு சரி. ஆனால் வீட்டில் 4.1 கிராமைக் கரண்டியால் அளந்து எடுக்க முயலவேண்டாம். பொட்டலத்தில் ஒரு லிட்டர் என்று அச்சிட்டிருந்தால் முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்து, அதிலிருந்து வேண்டிய அளவு ஊற்றிக் கொடுப்பதே பாதுகாப்பு. கலக்கிய பிறகு எவ்வளவு ஊற்றினாலும் மடங்கு மாறாது. மிஞ்சியதை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும்.

இவ்வளவு தூரம் வந்ததும் எல்லாக் கேள்விக்கும் குறுக்குப் பெருக்கல் போடும் ஆசை வந்துவிடும். அங்கேதான் அடுத்த பள்ளம் இருக்கிறது. ஒரு நிலத்தில் களை எடுக்க ஆறு பேருக்குப் பத்து நாள் ஆகிறது, நான்கு பேருக்கு எத்தனை நாள்? 6 / 10 = 4 / ம என்று போட்டால் ஏழு நாள்கூட ஆகாது என்று வரும். ஆட்கள் குறைந்தால் வேலை சீக்கிரம் முடியுமா? இங்கே மடங்கு நிலைப்பதில்லை, பெருக்கற்பலன்தான் நிலைக்கிறது. ஆறு பேர் பத்து நாள் என்றால் மொத்தம் 60 ஆள்நாள் வேலை. நான்கு பேர் செய்தால் 60 / 4 = 15 நாள். இதை எதிர் மாறல் என்கிறோம். பாஸ்கரரும் இதைத் தனியே பிரித்துத்தான் சொல்லித் தந்தார். இதற்கும் ஓர் எல்லை உண்டு: 600 பேர் வந்தால் ஒரு நாளில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடியும் என்று கணக்கு சொல்லும், வரப்பில் அவர்கள் நிற்கவே இடம் இருக்காது.

மாவுக் கணக்கைப் போல மடங்கு மாறாமல் இருப்பது நேர் மாறல். நேர் மாறலும் இல்லாமல் எதிர் மாறலும் இல்லாமல் இருப்பவையும் உண்டு. சென்னை ஆட்டோக்களுக்கு 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். 3.6 கி.மீ. போனால் தூரம் இரு மடங்கு, கட்டணம் 50 ரூபாய் ஆக வேண்டும் அல்லவா? ஆகாது. 25 ரூபாயோடு 21 ரூபாய் 60 காசு சேர்த்து 46 ரூபாய் 60 காசுதான். தொடக்கத்திலேயே ஒரு நிலையான தொகை ஒட்டிக்கொண்டிருக்கும் எந்தக் கட்டணத்துக்கும் விகிதசமம் பொருந்தாது. தூரம் பூஜ்யம் ஆனால் கட்டணமும் பூஜ்யம் ஆகுமா என்று கேட்டுப் பார்த்தால் போதும். ஆகாது என்றால் குறுக்குப் பெருக்கலை எடுக்கக் கூடாது.

இதையெல்லாம் அந்தச் சிறுமிக்குச் சொல்லி முடித்த பிறகு இன்னொரு கேள்வி கொடுத்தேன். "அக்காவுக்கு நான்கு வயது, தம்பிக்கு ஒரு வயது. அக்காவுக்கு ஆறு வயது ஆகும்போது தம்பிக்கு என்ன வயது?"

பென்சிலை எடுத்து 4 / 1 = 6 / ம என்று எழுதத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். "மூன்று. இங்கேதான் இரண்டு கூட்டணும்" என்றாள். அதே நான்கு, அதே ஒன்று, அதே ஆறு. முதல் நாள் அவள் சொன்ன பதிலே இங்கே சரியான பதில். வயதில் வித்தியாசம் மாறாது, மாவில் மடங்கு மாறாது, களை எடுப்பில் பெருக்கற்பலன் மாறாது. எண்களைப் பார்த்து எது மாறாது என்று சொல்லவே முடியாது. எதைப் பற்றிய எண்கள் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

அடுத்த வாரம் அவளே ஒரு கேள்வியோடு வந்தாள். ஒரு பங்கு மாவு பொங்க எட்டு மணி நேரம் ஆனால், அம்மா இரண்டு பங்கு அரைத்தால் பதினாறு மணி நேரம் ஆகுமா என்று. நீயே சொல் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அத்தை வீட்டு மாவும் எங்கள் வீட்டு மாவும் ராத்திரி ஒரே நேரத்தில்தான் வைத்தோம், காலையில் இரண்டும் பொங்கியிருந்தது. ஒரே அண்டாவில் ஊற்றியிருந்தாலும் காலையில் பொங்கியிருக்கும்" என்றாள்.